மேடில்லாத நாட்டில் மண்பாதை: கிழக்கு இங்கிலாந்தில் சைக்கிள் ஓட்ட முழு வழிகாட்டி

கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் ஆகிய மூன்றும் இங்கிலாந்தின் தட்டையான பகுதிகள். "ஏற்றமே இல்லையே, 80 கி.மீ. போய்விடலாம்" என்று கணக்குப் போட்டு வருபவர்கள் பாதி வழியில் களைத்து நிற்பதற்கு இரண்டே காரணங்கள்: காற்று, மண். ஏற்றத்துக்காவது உச்சி என்று ஒன்று உண்டு, பிறகு இறக்கம் வரும். எதிர்காற்று 25 கி.மீ. தூரமும் விடாமல் முகத்தில் அடிக்கும். அதனால் முதலில் பாதையை முடிவு செய்துவிட்டு அப்புறம் வானிலை பார்ப்பது இந்த ஊருக்குச் சரிவராது. அன்றைய காற்றையும் மண்ணின் ஈரத்தையும் பார்த்த பிறகே எந்தப் பாதை என்று முடிவு செய்ய வேண்டும்.

கீழே உள்ளவை மலைப்பாதைப் பயிற்சி இல்லாதவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் ஏற்ற பாதைகள். தார்ச்சாலை நெரிசலிலிருந்து விலகி, பழைய ரயில் தடங்கள், கால்வாய்க் கரைகள், வயல் தடங்கள் வழியே செல்பவை.

ஃபென்ஸ் நிலம் எப்படிப்பட்டது

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே தொடங்கி லிங்கன்ஷயர் வரை பரவிய ஃபென்ஸ் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்முய்டன் மேற்பார்வையில் நேர்கோட்டில் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார்கள். நீர் வடிந்ததும் பீட் மண் (மட்கிய தாவரங்களாலான கருப்புச் சதுப்பு மண்) சுருங்கத் தொடங்கியது, இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி ஓர் இரும்புத் தூணை இறக்கினார்கள். இன்று அது தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பிரிட்டனிலேயே தாழ்வான நிலம் அதுதான், கடல் மட்டத்துக்குக் கீழே இரண்டே முக்கால் மீட்டர்.

இதைத் தெரிந்துகொள்வதால் சைக்கிள் ஓட்டுபவருக்கு மூன்று பயன்கள். முதலாவது, வயல் தாழ்ந்துபோனதால் ஆறும் கால்வாயும் வயலைவிட உயரத்தில், கரைகளுக்கு நடுவே ஓடுகின்றன. கரை உச்சியில் ஓட்டினால் காட்சி அருமை, ஆனால் காற்று முழுவதும் உங்கள் மேல்தான். கரைக்குக் கீழே பாதை இருந்தால் காற்று கணிசமாகக் குறையும். இரண்டாவது, பீட் மேல் போட்ட சிறு சாலைகள் அலை அலையாக நெளிந்திருக்கும். தட்டையான ஊர்தானே என்று தலையைக் குனிந்து வேகமாக ஓட்டினால் சீட்டிலிருந்து தூக்கியடிக்கும். மூன்றாவது, கால்வாய்களைக் கடக்கப் பாலங்கள் குறைவு. எதிர்க்கரையில் கல்லெறி தூரத்தில் தெரியும் ஊருக்குப் போக 8 கி.மீ. சுற்ற வேண்டியிருக்கும். இங்கே வழி தவறுகிறவர்களில் பெரும்பாலோர் தவறவிடுவது திருப்பத்தை அல்ல, பாலத்தை.

முதல் படி: வரைபடத்தில் பாலமும் ஸ்டேஷனும்

ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம், 1:25,000 அளவு, இதற்குப் போதும். அச்சுத் தாளோ அதன் கைப்பேசிச் செயலியோ, எதுவானாலும் முதலில் போகும் வழியில் உள்ள பாலங்களைக் குறியுங்கள், அடுத்து ரயில் நிலையங்களை. பிறகுதான் பாதை.

இங்கிலாந்தில் வயல்வெளிப் பாதைகள் எல்லாவற்றிலும் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. எக்ஸ்ப்ளோரரில் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகளாக இருப்பது ஃபுட்பாத், நடப்பவர்களுக்கு மட்டும். பச்சையில் நீண்ட கோடுகள் பிரைடில்வே. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் இதில் சைக்கிளை அனுமதித்தது, ஆனால் நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பச்சைச் சிலுவைகள் வரிசையாக இருந்தால் அது பைவே: டிராக்டர், ஜீப் எல்லாம் போகலாம், நீங்களும் போகலாம். ஆரஞ்சுப் புள்ளிகள் வாகனமில்லாச் சைக்கிள் பாதை. களத்தில் அம்புக்குறி நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் நடப்பவர்களுக்கு, நீலம் பிரைடில்வே, ஊதா தடைசெய்யப்பட்ட பைவே (மோட்டாருக்குத்தான் தடை, சைக்கிளுக்கு இல்லை), சிவப்பு பைவே.

ஆற்றங்கரை உச்சியில் அழகாக நீளும் பாதை பல இடங்களில் வெறும் ஃபுட்பாத். ஃபென் ரிவர்ஸ் வே என்று பெயர்ப்பலகை பார்த்ததும் திருப்பிவிடாதீர்கள், அது நடைப்பாதைக்கான பெயர். சிவப்புக் கட்டத்தில் எண் உள்ள நீலப் பலகைதான் தேசியச் சைக்கிள் பாதை. அந்தப் பலகைகளில் தூரம் மைலில் இருக்கும், 1 மைல் 1.6 கி.மீ.

இரண்டாம் படி: காற்று

இங்கிலாந்தில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. மார்ச் முதல் மே வரை வடகிழக்கிலிருந்தும் அடிக்கடி வீசும், அது குளிரும். முந்தைய நாள் இரவு வானிலைச் செயலியில் வேகம், திசை, பலத்த வீச்சின் வேகம் மூன்றையும் பாருங்கள்.

காற்றின் தடை, அதற்கு எதிராக நீங்கள் செல்லும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அமைதியான நாளில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 25 கி.மீ. எதிர்காற்று வந்தால் உடலில் மோதும் வேகம் 40. தடை ஏழு மடங்காகிறது. அதே வேகத்தில் போக யாராலும் முடியாது, 9 அல்லது 10 கி.மீ. என இறங்கிவிடும். 20 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம் என்ற கணக்கு இரண்டே கால் மணியைத் தொடும்.

இதற்கு எளிய வழி: காற்றடிக்கும் திசையிலேயே ஒருவழியாக ஓட்டி, திரும்புவதற்கு ரயில் பிடிப்பது. போய்த் திரும்பும் பாதைதான் வேண்டுமென்றால் எதிர்காற்றை முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள், கால் புதிதாக இருக்கும்போது. முன்னறிவிப்பில் மணிக்கு 20 மைலுக்கு மேல் சீரான காற்று என்றால் திறந்த ஃபென்ஸை விட்டுவிட்டு மரங்கள் அடர்ந்த பாதைக்குப் போங்கள். தெட்ஃபோர்ட் காடும், மேரியட்ஸ் வேயும் (கீழே பாதை மூன்று) அதற்காகவே கையில் இருக்க வேண்டியவை.

வசந்தகாலத்தில் இன்னொன்று உண்டு. பயிர் முளைக்காத கருப்பு வயலில் காய்ந்த பீட் தூள் பலத்த காற்றில் கிளம்பி எதிரே எதுவும் தெரியாமல் மறைத்துவிடும், ஃபென் புளோ என்பார்கள். கண்ணாடி அணிந்திருங்கள். தூரத்தில் பழுப்புத் திரை எழுவதைக் கண்டால் சாலையில் நிற்காமல் ஓரம் ஒதுங்குங்கள்.

மூன்றாம் படி: மண்ணைப் பார்த்துப் பருவம்

பீட், களிமண், மணல் மூன்றும் இங்கே அரைநாள் தூரத்துக்குள் உண்டு.

பீட் மழையை உறிஞ்சி மெத்தென்றாகிவிடும். டயர் அமிழும், சறுக்காது, ஆனால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும். கோடையில் காய்ந்தால் டிராக்டர் தடங்கள் பள்ளமாகவே இறுகி, முன்சக்கரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். பள்ளத்தின் நடுமேட்டில் ஓட்டுங்கள். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரைத் திருப்பி ஏற முயலாமல் வேகம் குறைத்து நின்று ஏறுங்கள். இங்கே நடக்கும் விழல்களில் பல இப்படித் திருப்பும்போது நடப்பவை.

களிமண்தான் உண்மையான எதிரி. நாலு நாள் மழைக்குப் பின் களிமண் பிரைடில்வேயில் 200 மீட்டர் போனாலே டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பலம் கொடுத்து மிதித்தால் புல்லும் மண்ணும் பின் கியர் தொங்கும் கையைச் சக்கரத்துக்குள் இழுத்துவிடும். அந்தக் கை முறிந்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. மிதி இறுகினால் உடனே இறங்குங்கள், குச்சியால் மண்ணை நோண்டி எடுங்கள், கல்போட்ட தடம் வரும்வரை தூக்கிச் செல்லுங்கள், தள்ளாதீர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை களிமண் பாதைகளைத் தொடாமலிருப்பதே நல்லது.

தெட்ஃபோர்டைச் சுற்றியுள்ள பிரெக்லண்ட் பகுதியின் மணல் நீரை உடனே கீழே விட்டுவிடும். குளிர்காலத்துக்கு அதுதான் இடம்: தெட்ஃபோர்ட் காட்டில் ஹை லாட்ஜிலிருந்து நிறம் குறித்த பாதைகள் புறப்படுகின்றன, பச்சை எளியது, நீலம் மிதமானது. கடும் கோடையில் மட்டும் அங்கே மணல் உதிரியாகிச் சக்கரம் உழும்.

செப்டம்பரிலிருந்து குளிர்காலம் முழுக்க சர்க்கரைக்கிழங்கு அறுவடை. டிராக்டர் சக்கரத்தில் வரும் மண் சிறு சாலைகளில் படிந்து, தூறல் விழுந்ததும் சோப்புப் போல ஆகும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள்.

நான்காம் படி: சைக்கிளைத் தயார் செய்தல்

விலையுயர்ந்த மலைச் சைக்கிள் தேவையில்லை. 35 முதல் 42 மி.மீ. அகல டயர் ஏறும் எந்தச் சைக்கிளும் போதும். 28 மி.மீ.க்குக் குறைவான சாலை டயர் கல்தூள் பாதையில் சமாளிக்கும், புல்தடத்தில் சமாளிக்காது. டயருக்கும் மட்கார்டுக்கும் குறைந்தது 10 மி.மீ. இடைவெளி இருக்கட்டும்.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 75 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டயர், உள்ளே டியூப் என்றால் மண்பாதையில் முன்சக்கரம் 35 பிஎஸ்ஐ, பின்சக்கரம் 40 பிஎஸ்ஐ. முழுக்கத் தார்ப் பாதையென்றால் 45, 50. எடை 10 கிலோ கூடினால் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். கல்லாக அடித்து வைத்தால் சரளையில் டயர் துள்ளும், மணிக்கட்டு மரத்துப்போகும். 25க்குக் கீழே இறக்கினால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு துளைகள் விழும்.

பஞ்சருக்கு இங்கே முதல் காரணம் ஹாத்தார்ன் முள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் விவசாயிகள் புதர்வேலிகளை இயந்திரத்தால் வெட்டுவார்கள், முட்கிளைகள் தடத்தில் சிதறிக் கிடக்கும். புதிதாக வெட்டிய வேலியைப் பார்த்தால் தடத்தின் நடுவில் போங்கள், தரை முழுக்க முள்ளாக இருந்தால் தூக்கிக்கொண்டு நடங்கள். பஞ்சர் ஆனபின் டியூப் மாற்றுவது மட்டும் போதாது. டயரின் உட்பக்கம் முழுவதும் விரலை மெதுவாக ஓட்டுங்கள். முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள் ஒளிந்திருக்கும், வெளியிலிருந்து தெரியாது. அதை உள்ளிருந்து வெளியே தள்ளி எடுக்காவிட்டால் புது டியூப் பத்து நிமிடத்தில் இறங்கும். டியூப் இல்லா டயராக மாற்றி, சக்கரத்துக்கு 60 மி.லி. அடைப்புத் திரவம் ஊற்றிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

பையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, டயர் நெம்பும் லீவர் இரண்டு, ஒட்டுத்துண்டுகள், பம்ப், ஆலன் சாவித் தொகுதி, செயின் இணைப்பு ஒன்று, மழைக்கோட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஃபென்ஸில் 15 கி.மீ.க்கு ஒரு கடைகூட இல்லாத இடங்கள் உண்டு, சாப்பாட்டையும் கையோடு கொண்டுபோங்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறையும். இருட்டில் சாலையைத் தொட்டால் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம். மின்சைக்கிள் என்றால் மோட்டார் 250 வாட், உதவி மணிக்கு 15.5 மைலில் நின்றுவிட வேண்டும், ஓட்டுபவருக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பாதையில் மற்றவர்களோடு

நடப்பவரைப் பின்னாலிருந்து நெருங்கும்போது 20 மீட்டருக்கு முன்பே ஒருமுறை பெல் அடித்து, வேகத்தைக் குறையுங்கள். குதிரை என்றால் பெல் வேண்டாம், மிரளும். மனிதக் குரலில் "ஹலோ" சொல்லுங்கள், ஓட்டுபவர் கைகாட்டும்வரை பின்னால் மெல்ல வாருங்கள், அகலமாக விலகிக் கடங்கள். மாடு கன்றோடு நின்றால் இறங்கிச் சுற்றிப் போங்கள், தாய்க்கும் கன்றுக்கும் இடையே மட்டும் போகாதீர்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிடுங்கள். தரையில் இரும்புக் கம்பிகள் பதித்த மாட்டுத்தடுப்பையும், ரயில் தண்டவாளத்தையும் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால், முக்கியமாக ஈரத்தில், சக்கரம் வழுக்கிவிடும். டிரெய்லர், சரக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பாதை நுழைவாயில்களில் உள்ள குறுகிய தடுப்புகள் பற்றி முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.

பாதை ஒன்று: லிங்கனிலிருந்து பாஸ்டன், 53 கி.மீ.

முதல்முறை வருபவர்களுக்கு வாட்டர் ரயில் வேயைத்தான் சொல்வோம். விதம் ஆற்றின் ஓரமாக 1848இல் போட்ட ரயில் தடத்தின் மேல் அமைந்தது, தேசியப் பாதை எண் 1. பெரும்பகுதி தார் போட்டது, ஆகவே மழைக்காலத்திலும் ஓட்டலாம். லிங்கனிலிருந்து பார்ட்னி 15 கி.மீ. சொச்சம், வாகனமே இல்லை. வழியெங்கும் சிற்பங்கள், பல டென்னிசனின் கவிதைகளிலிருந்து பிறந்தவை. கவிஞர் இந்த மாவட்டத்துக்காரர். பார்ட்னியில் தேநீர் குடிக்க இடம் உண்டு. சிறு குழந்தைகளோடு வந்தவர்கள் அங்கேயே திரும்பிவிடலாம். கர்க்ஸ்டெட் பாலத்துக்குப் பின் லாங்ரிக் வரை பாதை பெரும்பாலும் கிராமச் சாலைகளில் போகிறது. வாகனம் குறைவு, ஆனால் நேர்சாலை என்பதால் வருபவை வேகமாக வரும், வரிசையாக ஓட்டுங்கள். லாங்ரிக்கிலிருந்து பாஸ்டன் வரை மறுபடி ஆற்றோரம். 80 மீட்டருக்கு மேல் உயரமான பாஸ்டன் ஸ்டம்ப் என்ற தேவாலயக் கோபுரம் வெகு தூரத்திலேயே தெரியும். தெரிந்ததும் வந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம்.

பாதை தென்கிழக்கே போவதால் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் அடிக்கும், எந்தத் திசையில் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. வடமேற்குக் காற்று என்றால் லிங்கனிலிருந்தும், தென்கிழக்கு என்றால் பாஸ்டனிலிருந்தும் புறப்படுங்கள். திரும்பும் ரயிலில் ஸ்லீஃபர்டில் மாற வேண்டும். சைக்கிளுக்கு இடம் குறைவான சிறு ரயில்கள், நாலு பேருக்கு மேல் ஒன்றாகப் போனால் பிரிந்து ஏற நேரிடலாம்.

பாதை இரண்டு: கேம்பிரிட்ஜ், விக்கன் ஃபென், ஈலி, சுமார் 40 கி.மீ.

ஃபென்ஸின் உள்ளே போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுதான். கேம்பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து பாதை எண் 51இல் பாட்டிஷம் பக்கம் சென்று, அங்கிருந்து எண் 11இல் லோட்ஸ் வேயில் ஏறுங்கள். லோட் என்று இங்கே அழைப்பது பழைய கால்வாய்களை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து விக்கன் வரை சுமார் 14 கி.மீ. தரை மாறிக்கொண்டே இருக்கும்: கல்தூள், கான்கிரீட் வயல் தடம், புல், சிறு சாலை. கான்கிரீட் பலகைகளின் இடைவெளிகள் பாதை போகும் திசையிலேயே ஓடும் இடங்களில் முன்சக்கரத்தை உள்ளே விட்டுவிடாதீர்கள்.

ரீச் லோடின் மேல் 2010இல் திறந்த பாலம் சரிவானது, ஓட்டியே ஏறலாம். தட்டையான இந்தப் பாதையில் ஏற்றம் என்று சொல்லத் தக்கது அதுதான். பர்வெல் லோடின் பாலமோ படிக்கட்டு. பைகளைக் கழற்றித் தனியே கொண்டுபோய் வைத்துவிட்டு, பிறகு சைக்கிளை ஏற்றுங்கள். கனமான மின்சைக்கிளுக்கு இரண்டு பேர் வேண்டும், டிரெய்லரோடு இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

விக்கன் ஃபென், நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளையின் மிகப் பழைய இயற்கைக் காப்பகம், முதல் துண்டு நிலத்தை 1899இல் வாங்கினார்கள். சுற்றிலும் எல்லாம் வடிந்து உழவுநிலமானபின், பழைய சதுப்பு எப்படி இருந்தது என்பதை நாணலும் நீருமாக அங்கே நின்று பார்க்கலாம். கொனிக் என்ற சாம்பல் நிறக் குதிரைகள் கட்டில்லாமல் மேயும். பாதையிலேயே நின்றாலும் விரட்டாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள். உணவகம், கழிப்பறை, தண்ணீர் மூன்றும் இங்கே கிடைக்கும், குப்பிகளை நிரப்பிக்கொள்ளுங்கள்.

விக்கனிலிருந்து எண் 11 தொடர்ந்து ஈலிக்குப் போகிறது, இன்னும் சுமார் 15 கி.மீ. தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து ஓட்டலாம். முழுப் பாதையும் வடகிழக்கே போவதால் தென்மேற்குக் காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வரும். ஈலியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ரயில் கால் மணி நேரம்தான். வடகிழக்குக் காற்று நாளில் ரயிலில் ஈலி போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை, தடவழிப் பேருந்துப் பாதையின் ஓரமாக 2011 முதல் ஒரு தார்ப் பாதை இருக்கிறது. கோடையில் குழந்தைகளுக்கு மிக எளியது. குளிர்காலத்தில் ஆறு பெருகினால் ஃபென் டிரேட்டன் ஏரிகள் அருகே பேருந்துத் தடம் மேலே இருக்க, சைக்கிள் பாதை நீரில் மூழ்கிவிடும். ஆழம் தெரியாது, இறங்காதீர்கள்.

பாதை மூன்று: நாரிச், எய்ல்ஷம், ராக்ஸம், 56 கி.மீ.

காற்று பலமான நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். மேரியட்ஸ் வே நாரிச் நகரத்திலிருந்தே தொடங்கும் பழைய ரயில் தடம், எய்ல்ஷம் வரை 42 கி.மீ. இருபுறமும் மரங்கள், பல இடங்களில் தடம் நிலத்துக்குள் பள்ளமாகப் போகும். அதனால் காற்று எட்டாது, அதே காரணத்தால் மழைக்குப் பின் காயவும் நாளாகும். நாரிச்சை ஒட்டிய பகுதி நல்ல தரை. டிரேட்டன் தாண்டியதும் சரளையும் மண்ணுமாக மாறும், உதிர்ந்த இலைக்குக் கீழே வேர்கள் புடைத்திருக்கும். வென்சம் ஆற்றின் மேல் பழைய இரும்புப் பாலங்கள். விட்வெல் நிலையத்தில் பழைய ரயில் பெட்டிகளைப் பார்க்கலாம். தீமல்தார்ப்பில் ஒரு கூர்மையான வளைவு, 1960இல் இரண்டு ரயில் பாதைகளை இணைக்கப் போட்டது. அதன்பின் கிழக்கே திரும்புவதால், முதல் பாதியில் எதிர்த்த மேற்குக் காற்று இனி உங்களோடு வரும்.

முழுத்தூரம் அதிகம் என்றால் ரீஃபத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு நாரிச்சுக்கே திரும்பலாம். தொடர்பவர்கள் எய்ல்ஷத்தில் பூர் வேலி பாதையில் ஏறுங்கள். 15 அங்குல அகலத் தண்டவாளத்தில் ஓடும் குட்டி நீராவி ரயிலுக்குப் பக்கத்திலேயே ராக்ஸம் வரை 14 கி.மீ. பாதை ஒடுக்கமானது. ஜூன், ஜூலையில் செந்தட்டி இருபுறமும் தோள் உயரம் வளர்ந்து கையைத் தடவும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ரயில் வரும்போது குழந்தைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டே வேலிப்பக்கம் சாய்வார்கள், அந்த ஒரு நிமிடம் நின்றுவிடுவது பாதுகாப்பு.

ஹோவ்டன் அண்ட் ராக்ஸம் நிலையத்திலிருந்து நாரிச்சுக்குக் கால் மணி நேர ரயில். சனி, ஞாயிறுகளில் பராமரிப்புக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விட்டால் அதில் பொதுவாகச் சைக்கிளை ஏற்றமாட்டார்கள், ஆகவே புறப்படும் முன் அன்றைய அட்டவணையைப் பாருங்கள். மூன்று பாதைகளுக்கும் இது பொருந்தும். மடக்குச் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.